கைட்டோசனும் சிரட்டைக்கரியும்: கழிவுநீரில் ஹார்மோனைக் குழப்பும் மாசைப் பிடிக்கும் மணிகள், முழுமையான வழிகாட்டி

பினாங்கில் படிவம் 6, கல்லூரி மாணவர் குழுக்களுக்கு, கைட்டோசனும் கரியும் கலந்த சிறு மணிகள் செய்து நீரிலுள்ள மாசைப் பிடிக்கும் இந்த வேலையைச் சொல்லித் தந்து வருகிறேன். மணி உருட்டுவது எல்லாருக்கும் இரண்டு நாளில் கைவந்துவிடுகிறது. தடுமாறுவது அதற்கு முன்னும் பின்னும்தான். நீரில் இருந்த மாசு காணாமல் போனதும் மணிதான் பிடித்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். மாசு காணாமல் போக வேறு எத்தனையோ வழிகள் உண்டு. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். அளவிடும் முறையை மணிக்கு முன்னால் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

1. எந்த மாசு, எந்த நீர்: முதலில் முடிவு செய்யுங்கள்

ஹார்மோனைக் குழப்பும் மாசுகள் பல. மனித உடலிலிருந்து வெளியேறும் எஸ்ட்ராடயால், எஸ்ட்ரோன், கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடயால், சோப்புத்தூள் வகைகளிலிருந்து வரும் நோனைல்ஃபீனால், பிளாஸ்டிக்கிலிருந்தும் ரசீதுத் தாளிலிருந்தும் வரும் பிஸ்ஃபீனால் ஏ. இனி இந்தக் கடைசியைப் பிபிஏ என்கிறேன்.

தொடங்குபவர்கள் பிபிஏவோடு தொடங்குங்கள். எஸ்ட்ராடயால் ஒரு லிட்டர் நீரில் சில மில்லிகிராம்தான் கரையும். அந்தக் குறைந்த அளவைச் சாதாரணக் கருவி காட்டாது. பிபிஏ லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேலும் கரையும், புற ஊதா ஒளியில் 276 நானோமீட்டரில் தெளிவாகத் தெரியும்.

நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, இரண்டாவது முடிவு. கைட்டோசன் இறால் ஓட்டிலிருந்து கிடைப்பது, அமிலத்தில் கரைவது. பிஎச் 6.5க்குக் கீழே போனால் மணி உப்பும், பிறகு கூழாகும். மலேசியாவில் சுத்திகரித்த கழிவுநீர் வெளியேற அனுமதிக்கப்படும் பிஎச், தரம் ‘ஏ’யில் 6.0 முதல் 9.0 வரை, தரம் ‘பி’யில் 5.5 முதல் 9.0 வரை. ஆகவே சட்டப்படி சரியான நீரிலும் உங்கள் மணி கரையக்கூடும். எடுக்கப்போகும் நீரின் பிஎச்சை ஒரே நாளில் முடிக்காமல் மூன்று வெவ்வேறு நாள்களில் பாருங்கள்.

கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டில் மணி செய்வது இன்னும் சுலபமாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. சுலபம்தான். ஆனால் கால்சியம்தான் அந்த மணியைக் கட்டி வைத்திருக்கிறது. கழிவுநீரிலுள்ள பாஸ்பேட்டும் சோடியமும் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிவிடும். வடிநீரில் (காய்ச்சி வடித்த தூய நீரில்) வாரக்கணக்கில் நின்ற ஆல்ஜினேட் மணி, கழிவுநீரில் இளகிக் குழைவதை நேரில் பார்த்த பிறகுதான் நான் கைட்டோசனுக்கு மாறினேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

கைட்டோசன் தூள், அசிட்டிக் அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு, மெத்தனால், பிபிஏ, வடிநீர். கண்ணாடிக் குடுவைகள், பழுப்புக் கண்ணாடி போத்தல்கள், காந்தக் கலக்கி, ஊசி, 75 மைக்ரோமீட்டர் சல்லடை, பிஎச் மீட்டர், குவார்ட்ஸ் குவெட் (அளக்கும் நீரை ஊற்றும் சிறு கலம்), புற ஊதா ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (நீர் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் கருவி). கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி.

நிபோங் திபால் பக்கம் இறால் ஓடு தாராளமாகக் கிடைக்கிறது, அதிலிருந்து நாமே கைட்டோசன் செய்யலாமே என்று ஒவ்வொரு குழுவும் கேட்கும். செய்யலாம், ஆனால் கடைசிக் கட்டத்தில் ஓட்டை ஏறக்குறைய 50 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடில் 100 டிகிரிக்கு அருகே வேகவைக்க வேண்டும். தெறித்தால் கண் போய்விடும். தகுந்த ஆய்வுக்கூடமும் மேற்பார்வையும் இல்லாமல் இறங்காதீர்கள். தூளாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பாத்திரம் எதையும் மேசையில் வைக்காதீர்கள். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கே பிபிஏவால் ஆனது, அது நீருக்குள் கசியும். மற்ற சில பிளாஸ்டிக்குகளும் ரப்பர் குழாய்களும் எதிர்வேலை செய்யும்: நீரிலுள்ள பிபிஏவை உறிஞ்சிக்கொள்ளும். ஒன்று மாசைக் கூட்டும், இன்னொன்று குறைக்கும், இரண்டும் கணக்கைக் கெடுக்கும்.

3. அளவிடும் முறையை மணிக்கு முன்னால் சரிசெய்யுங்கள்

ஒரு கிராம் பிபிஏவை மெத்தனாலில் கரைத்து 100 மில்லிலிட்டராக்குங்கள். இதில் 2 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் வடிநீரில் விட்டால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கிடைக்கும், மெத்தனால் 0.2 விழுக்காட்டோடு நிற்கும். மெத்தனால் கூடினால் மணி பிடித்த பிபிஏவை அது திரும்பக் கழுவி எடுத்துவிடும். அதற்காகவே மூலக் கரைசலை இவ்வளவு அடர்த்தியாக வைக்கிறோம்.

0, 5, 10, 20, 30, 40 மில்லிகிராம் என்று ஆறு கரைசல்கள் செய்து 276 நானோமீட்டரில் அளந்து கோடு வரையுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழாவிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் செய்ய வேண்டாம். சாதாரணக் கண்ணாடிக் குவெட்டும் மலிவான பிளாஸ்டிக் குவெட்டும் இந்த அலைநீளத்து ஒளியைத் தாங்களே விழுங்கிவிடும். கோடு கோணலாக வந்தால் நான் முதலில் பார்ப்பது குவெட்டைத்தான்.

இந்த முறையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமை நம்பிக்கையோடு படிக்க முடியாது. 20 மில்லிகிராமில் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

குழாய்நீரைச் சோதனைக்கு எடுக்கவே கூடாது. அதிலுள்ள குளோரின் பிபிஏவோடு வினைபுரியும். ஒரு குழு வடிநீர் தீர்ந்துபோனதால் குழாய்நீரில் கரைசல் செய்தது. மறுநாள் மணி போட்ட குடுவையிலும் பிபிஏ குறைந்திருந்தது, மணி போடாத குடுவையிலும் குறைந்திருந்தது. மணி போடாத குடுவை ஒன்று வைத்திருந்தார்கள், அதனால் தப்பித்தார்கள்.

வடிகட்டுவதிலும் கண்ணி உண்டு. நைலான் வடிதட்டு பிபிஏவையும் எஸ்ட்ராடயாலையும் நன்றாகப் பிடிக்கும். கண்ணாடி நார் வடிதாளைப் பயன்படுத்துங்கள், முதலில் வடியும் சில மில்லிலிட்டரை ஊற்றிவிடுங்கள். சுழற்றிப் பிரிக்கும் கருவி இருந்தால், கண்ணாடிக் குழாயில் சுழற்றினால் வடிதாளே வேண்டாம்.

4. கரி: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

கைட்டோசன் மட்டும் உள்ள மணி பிபிஏவை மிகக் குறைவாகவே பிடிக்கும். கைட்டோசன் நீரை விரும்பும் பொருள், பிபிஏ நீரைவிட்டு விலகப் பார்க்கும் பொருள். பிடிப்பது கரி, கரியை ஓடாமல் வைத்திருப்பது கைட்டோசன். கைட்டோசனைக் கிருமிகள் தின்னும், அது மண்ணில் மட்கும். கரி அப்படி மட்காது. ஆனால் அது தாவரக் கழிவிலிருந்து வருவது, பிளாஸ்டிக் பிசின்போல நுண்பிளாஸ்டிக்காக உதிராது. இந்த வேறுபாட்டை அறிக்கையில் நேர்மையாக எழுதுங்கள். ‘முழுவதும் மட்கும்’ என்று எழுதினால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சிரட்டைக்கு இங்கே பஞ்சமில்லை. தைப்பூசத்தில் ஜார்ஜ் டவுன் சாலைகளில் உடையும் தேங்காயே போதும், சந்தையில் தேங்காய்ப்பால் பிழிபவர்களிடமும் கேட்டு வாங்கலாம். நாரையும் ஒட்டியிருக்கும் தேங்காயையும் சுரண்டிவிட்டு நன்றாகக் காயவையுங்கள். எண்ணெய் ஒட்டியிருந்தால் கரியின் நுண்துளைகள் அடைபடும்.

மூடி இறுகிய தகர டப்பாவில் சிரட்டைத் துண்டுகளைப் போட்டு, மூடியில் சிறு துளையிட்டு, திறந்த வெளியில் நெருப்பில் வையுங்கள். துளையிலிருந்து வரும் புகை முற்றிலும் நின்ற பிறகும் அரை மணி நேரம் விடுங்கள். டப்பா கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை திறக்காதீர்கள், சூட்டோடு திறந்தால் காற்றுப்பட்டுச் சாம்பலாகிவிடும்.

புகை நிற்கும் முன்பே எடுத்த கரி பழுப்பாக இருக்கும், தார் வாடை அடிக்கும். அந்தத் தாரில் ஃபீனால் வகைப் பொருள்கள் உண்டு. அவை நீரில் கசிந்து, பிபிஏ தெரியும் அதே அலைநீளப் பகுதியில் தெரியும். மணி போட்டதும் பிபிஏ கூடிவிட்டது என்று குழம்பி வந்த மாணவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் இந்த அரைவேக்காட்டுக் கரிதான்.

வீட்டுக்கரியின் உட்பரப்பு, நீராவியால் கிளர்வூட்டிய (நுண்துளைகளைப் பெருக்கிய) கடைக்கரியைவிட மிகவும் குறைவு. திட்டத்துக்கு நாள் குறைவென்றால் மீன்தொட்டிக் கடையில் சிரட்டைக்கரி என்று குறிப்பிட்டு விற்பதை வாங்கலாம். சுடும் அடுப்புக்கு விற்கும் அச்சுக்கரி வேண்டாம், அதில் மாவுப்பசை கலந்திருக்கும்.

கரியை இடித்து 75 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலியுங்கள். பெருந்தூள் ஊசியை அடைக்கும். அப்புறம் வடிநீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்து, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவிட்டு, பிஎச் நடுநிலைக்கு வரும்வரை கழுவுங்கள். கழுவாத கரியின் சாம்பல் நீரைக் காரமாக்கும். பிஎச் 10ஐ நெருங்கினால் பிபிஏ மின்னேற்றம் பெற்று நீரிலேயே தங்கிவிடும், கரியிடம் வராது.

ஒரு சிறு தேர்வு வையுங்கள். ஒரு கிராம் கரியை 50 மில்லிலிட்டர் வடிநீரில் ஒரு மணி நேரம் குலுக்கி, வடித்து, 276 நானோமீட்டரில் பாருங்கள். வடிநீருக்கும் இதற்கும் வேறுபாடு தெரிந்தால் மறுபடி கழுவ வேண்டும்.

5. கைட்டோசன் கரைசல்

98 மில்லிலிட்டர் வடிநீரில் 2 மில்லிலிட்டர் அசிட்டிக் அமிலம் விடுங்கள். கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது 2 கிராம் கைட்டோசனைச் சிறுகச் சிறுகத் தூவுங்கள். கூழ் கிண்டும்போது மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழுமே, அதே கதைதான் இங்கும். வெளிப்புறம் உப்பி உள்ளே உலர்ந்த கட்டி நாள் முழுக்கக் கலக்கினாலும் கரையாது.

ஐந்தாறு மணி நேரம் கலக்குங்கள். பிறகு 2 கிராம் கரியை இந்தக் கரைசலிலேயே கொஞ்சம் எடுத்துக் களிம்புபோலக் குழைத்து, மீதியோடு சேருங்கள். ஓர் இரவு அசையாமல் வைத்துவிடுங்கள், காற்றுக் குமிழி வெளியேறட்டும். குமிழி உள்ளே மாட்டிக்கொண்டால் மணி மிதக்கும், குழாயில் அடுக்கும்போது தொல்லை தரும்.

6. மணி விடுதல்

ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரையுங்கள். எப்போதும் நீரில்தான் வில்லையைப் போட வேண்டும், வில்லைமேல் நீரை ஊற்றக் கூடாது. சூடேறித் தெறிக்கும். ஆறிய பிறகே பயன்படுத்துங்கள்.

கரைசலை ஊசியில் எடுத்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். காரத்தில் விழுந்ததும் கைட்டோசன் கெட்டிப்பட்டுக் கறுப்பு மணியாகும். தட்டையாக விழுந்தால் உயரத்தைக் குறையுங்கள். வால் முளைத்தால் கரைசல் மிகத் தடிப்பு, கொஞ்சம் அமில நீர் சேர்த்து நீர்க்கவையுங்கள். நான்கு மணி நேரம் காரத்திலேயே கிடக்கட்டும், உள்நடுவரை கெட்டிப்பட அவ்வளவு நேரம் வேண்டும்.

பல செய்முறைகளில் அடுத்து குளுடரால்டிஹைடு வரும். அது மணியை அமிலத்தில் கரையாமல் காக்கும், உண்மைதான். ஆனால் அது நச்சுப்பொருள், மணி மட்குவதையும் தாமதப்படுத்தும். உங்கள் நீர் பிஎச் 6.5க்கு மேலேயே நிற்கிறது என்றால் நான் அதைத் தொடமாட்டேன்.

7. கழுவுதல், பிறகு மறுபடி கழுவுதல்

வடிநீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். கழுவிய நீர் பிஎச் 7 காட்டியதும் நிறுத்திவிடுவது வழக்கமான பிழை. மணிக்குள் இருக்கும் காரம் மெதுவாகத்தான் வெளியே வரும், மறுநாள் காலை அதே நீர் 9 காட்டும். ஓர் இரவு ஊறிய பிறகும் பிஎச் ஏறாமல் இருந்தால்தான் கழுவியது போதும்.

மணியை உலர்த்தி வைக்காதீர்கள். உலர்ந்தால் சுருங்கி உள்துளைகள் மூடிக்கொள்ளும், திரும்ப ஊறவைத்தாலும் பழைய அளவுக்கு விரியாது. வடிநீரில் மூழ்கவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

8. உலர் எடையைக் கண்டுபிடியுங்கள்

ஈரமணியில் ஏறக்குறைய எல்லாமே நீர். ஒற்றித் துடைத்த 5 கிராம் ஈரமணியை மூன்று தட்டுகளில் எடுத்து, 60 டிகிரியில் எடை மாறாத நிலைவரை உலர்த்துங்கள். 2 கிராம் கைட்டோசனும் 2 கிராம் கரியும் போட்ட மணியில் உலர்பொருள் 4 விழுக்காட்டுக்கு அருகில் வரும். ஈர எடையைக் கணக்கில் போட்டால் மணி இருபத்தைந்து மடங்கு மோசமாகத் தெரியும். தட்டில் உலர்த்தியது எடைக்கு மட்டுமே, சோதனைக்குச் சேர்க்கக் கூடாது.

9. குடுவைச் சோதனை: நான்கு குடுவைகள்

முதல் குடுவையில் பிபிஏ கரைசலும் மணியும். இரண்டாவதில் பிபிஏ மட்டும். மூன்றாவதில் வடிநீரும் மணியும். நான்காவதில் பிபிஏவும் கரியில்லாத கைட்டோசன் மணியும். நான்கையும் மும்மூன்றாக வையுங்கள்.

இரண்டாவது குடுவை, மாசு தானாக எவ்வளவு குறைகிறது என்று சொல்லும். நான்காவது, கரிக்கு உரிய பங்கைப் பிரித்துக் காட்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மணியிலிருந்து கசியும் கரிச்சாறு கருவியில் பிபிஏபோலத் தெரியக்கூடும். அந்த அளவைத் தெரிந்து கழிக்காவிட்டால் மீதிக் கணக்கு எதற்கும் உதவாது.

100 மில்லிலிட்டர் கரைசலுக்கு 0.1 கிராம் உலர் எடைக்குச் சமமான ஈரமணி, அதாவது ஏறக்குறைய 2.5 கிராம் போடுங்கள். மணியோடு வரும் நீர் கரைசலைச் சற்று நீர்க்கவைக்கும், அதே அளவு வடிநீரை இரண்டாவது குடுவையிலும் சேருங்கள். 5, 15, 30, 60, 120, 240 நிமிடங்களிலும் 24 மணி நேரத்திலும் அளவெடுங்கள். மாசு நீரிலிருந்து மணிக்குள் ஊர்ந்து சென்று கரியை அடைய வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் நிறுத்தினால் மணியின் முழுத் திறன் தெரியாது.

கணக்கு இது: தொடக்க அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்து, நீரின் லிட்டரால் பெருக்கி, உலர் எடையால் வகுக்க வேண்டும். 20 மில்லிகிராம் 4 ஆகக் குறைந்தால், 16ஐ 0.1 லிட்டரால் பெருக்கி 0.1 கிராமால் வகுக்க, கிராமுக்கு 16 மில்லிகிராம். வெறும் விழுக்காட்டை மட்டும் எழுதாதீர்கள். மணியை இரு மடங்காக்கினால் விழுக்காடு ஏறிவிடும், அதனால் மணி மேம்பட்டது என்று ஆகாது.

10. உண்மையான கழிவுநீர்

ஜெலுத்தோங் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கால்வாயில் இறங்கி எடுக்காதீர்கள். எலிக்காய்ச்சலும் மஞ்சள்காமாலையும் அந்த நீர் வழியே வரும். சுத்திகரிப்பின் இரண்டாம் கட்டம் முடிந்த நீரையே எடுங்கள். மெத்தனாலால் அலசிய பழுப்புக் கண்ணாடி போத்தல், பனிக்கட்டிப் பெட்டி, 24 மணி நேரத்துக்குள் வேலை. கடை ரசீதைத் தொட்ட கையோடு போத்தலைத் திறக்க வேண்டாம், வெப்பத்தில் அச்சாகும் ரசீதுத் தாள் பலவற்றில் பிபிஏ உண்டு.

இங்கே ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் பயன்படாது. கழிவுநீரிலுள்ள மற்ற கரிமப் பொருள்களும் 276 நானோமீட்டரில் தெரியும். எஸ்ட்ரோஜன்கள் லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். லிட்டர் அளவு நீரைப் பிடிப்புப் பொதியில் (மாசைப் பிடித்து வைக்கும் சிறு குழலில்) செலுத்திச் செறிவாக்கி, நிறைமாலைமானி இணைந்த திரவ வண்ணப்பிரிகைக் கருவியில் (எல்சி-எம்எஸ்) பார்க்க வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் உதவி இல்லாமல் இந்தக் கட்டம் நடக்காது. மணி செய்யத் தொடங்கும்போதே பேசி வைத்துவிடுங்கள்.

பிடிப்பு இங்கே குறையும், மனம் தளர வேண்டாம். மாசைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக இருக்கும் மற்ற கரிமப் பொருள்கள் கரியில் முதலில் இடம்பிடித்துவிடுகின்றன.

இன்னொன்றை மாணவர்கள் அறிய வேண்டும். எஸ்ட்ராடயால் குறைந்தால் ஹார்மோன் குறைந்ததாகப் பொருளில்லை. மணிமேல் படியும் கிருமிகள் அதை எஸ்ட்ரோனாக மாற்றும், எஸ்ட்ரோனும் ஹார்மோன்தான். சிறுநீரில் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைந்து வெளியேறும் ஹார்மோனைக் கழிவுநீரிலுள்ள குடல் கிருமிகள் அவிழ்த்துவிட்டால் எஸ்ட்ராடயால் கூடவும் செய்யும். எஸ்ட்ரோன், எஸ்ட்ராடயால் இரண்டையும் சேர்த்தே அளக்கக் கேளுங்கள்.

11. குழாயில் அடுக்கி ஓட்டுதல்

2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணி அடுக்கினால் படுகையின் கன அளவு ஏறக்குறைய 147 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் ஓட்டினால், மணிகள் அடைக்கும் இடத்தைக் கழிக்காத கணக்கில், நீர் தங்கும் நேரம் ஏறக்குறைய 15 நிமிடம்; உண்மையில் அதைவிடக் குறைவு. கீழிருந்து மேலாக ஓட்டுங்கள், காற்று மாட்டாது. முன்னால் ஒரு மணல் வடிகட்டி வையுங்கள், மிதக்கும் துகள்கள் மணிகளுக்கு இடையே அடைத்துக்கொள்ளும்.

நம் ஊர் வெப்பத்தில் சில நாள்களில் மணி வழுவழுப்பாகும். கைட்டோசன் மட்கும் பொருள், அதைக் கிருமிகள் கழிவுநீரிலேயே தின்னத் தொடங்குகின்றன என்பதற்கு அது அறிகுறி. இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து மணியை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். நசுங்கினால், கரித்தூள் வெளியே ஓடும் முன் குழாயை மாற்றிவிடுங்கள். வெளிவரும் நீரில் கறுப்பு தெரிந்த பிறகு மாற்றுவது தாமதம், மாசைப் பிடித்த கரி ஏற்கெனவே நீரோடு போயிருக்கும்.

12. பயன்படுத்திய மணிகள்

மட்கும் மணிதானே என்று செடிக்கு உரமாகப் போடப் போன மாணவர்களைத் தடுத்திருக்கிறேன். கைட்டோசன் மட்கினால் கரி பிரிந்து மண்ணில் கலக்கும், அது பிடித்து வைத்த மாசும் கூடவே போகும். மெத்தனாலால் கழுவி மணியை மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் மாசு முழுவதும் அந்த மெத்தனாலுக்குள் வந்துவிடும், அதைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது.

மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிமுறைகளில் பயன்படுத்திய கிளர்வூட்டிய கரி எஸ்டபிள்யூ 411 என்ற எண்ணில் வருகிறது. மணியை வடித்து, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு, பொருள், மாசு, தேதி மூன்றையும் எழுதி ஒட்டி, ஆய்வுக்கூடத்தின் கழிவுப் பொறுப்பாளரிடம் கையளியுங்கள். மெத்தனால் கழிவுக்குத் தனிப் போத்தல். அட்டவணைக் கழிவை 180 நாள்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதனால் முதல் ஜாடி நிரம்பும்வரை காத்திராமல் முதல் மணியைப் போடும் நாளிலேயே தேதியை எழுதிவிடுங்கள்.